பேஸ் ஆம்பை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மலையகத்தில் பேண்ட் வைத்திருப்பவர்கள், கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் போடுபவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்தாயிற்று, அது அதன் வழியில் போகட்டும். ஆனால் சூடானால் ஆம்பை நிறுத்தும் பாதுகாப்பை வெட்டிவிட்டு "சரி செய்தாயிற்று" என்று அனுப்பிய வேறு ஆம்புகளும் தன்னிடம் வந்திருப்பதாக எங்கள் ஆம்பைக் கடைசியில் திறந்து பார்த்த டெக்னீஷியன் அண்ணன் சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது ரேக் எனும் பெட்டிக்குள் பூட்டும் பேஸ் ஆம்ப், அதாவது பேஸ் சத்தத்துக்கான ஆம்ப்ளிஃபையர். ஹட்டனில் ஒரு கல்யாணத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே புரொடெக்ட் லைட் எரிந்து சத்தம் நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் தானாகவே வந்தது. சூடு அளவு மீறும்போது ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படித்தான் நிற்க வேண்டும், ஏன் அவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் மூடியைத் தொடக்கூட இல்லை. "தம்பி, நம்ம ஊரு குளிருக்கு ஆம்ப் எங்க சூடாகும், இது போர்டு பிரச்சினை, விட்டுட்டுப் போங்க" என்றார்.

இந்தப் பேச்சை நம்பாதீர்கள். வெளியே நுவரெலியா பனி கொட்டினாலும் ஆம்ப் இழுப்பது ரேக் பெட்டிக்குள் இருக்கும் காற்றை. பெட்டியின் பின்கதவு மூடியிருந்தால் தான் விட்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுக்கும், அங்கே ஊர்க் குளிருக்கு வேலையே இல்லை. இன்னொன்று, நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்று கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துப்போகும் சூடு குறைவுதான். திறந்த இடத்தில் குளிர் அதை ஈடுகட்டிவிடும், மூடிய பெட்டியில் ஈடுகட்டாது.

சரி, ஆம்ப் திரும்பி வந்தது. பில்லில் ஒரே ஒரு வரி: "கட் ஆகும் கோளாறு சரி செய்யப்பட்டது." என்ன மாற்றினார்கள், எந்தப் பாகம், எதுவும் இல்லை. பழைய பாகம் எங்கே என்று கேட்டதற்கு "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஆம்ப் நிற்கவே இல்லை, உண்மைதான். தலவாக்கலையில் ஒரு ஹோலில் வாசிக்கும்போது முதலில் வார்னிஷ் கருகும் வாசம் வந்தது, அடுத்த பாட்டில் டொம்மென்று ஒரு சத்தம், பேஸ் பெட்டியில் இருந்த ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. சுவிட்சை அணைப்பதற்குள் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கருகிவிட்டது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சூட்டில் ஷோர்ட் ஆனால் பவர் சப்ளையின் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும், அதைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்றும் எங்கள் ஆம்பில் வேலை செய்யவில்லை. கல்யாண வீட்டார் முகத்தில் முழிக்க முடியவில்லை.

டெக்னீஷியன் அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டினார். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தெர்மல் சுவிட்ச் இருக்கும், அதிலிருந்து இரண்டு வயர் போகும், குறிப்பிட்ட சூட்டில் அது திறந்துகொண்டு ஆம்பை நிறுத்தும். எங்கள் ஆம்பில் அந்த இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். சுவிட்ச் அதன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. குக்கரின் சேஃப்டி வால்வை அடைத்துவிட்டு "இனி விசில் வராது" என்று கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஃபேனையும் மாற்றியிருந்தார்கள். ஆம்போடு வந்தது 24 வோல்ட் ஃபேன், அந்த இடத்தில் கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் ஃபேன் ஒன்று, நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து ஒட்டியிருந்தது. அதையும் தலைகீழாகப் பூட்டியிருந்தார்கள். எங்கள் ஆம்ப் முன்னால் இழுத்துப் பின்னால் விடும் வகை, இது பின்னாலிருந்து இழுத்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அதாவது பெட்டியின் பின்பக்கம் தேங்கிய சூட்டையே ஹீட் சிங்குக்குள் அனுப்பியிருக்கிறது. ஃபேன் சட்டத்தின் ஓரத்தில் காற்றுப் போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருந்தது. அதைக்கூடப் பார்க்கவில்லை.

கடையில் போய்க் கேட்டேன். "இனி ஆஃப் ஆகாதுன்னுதானே தம்பி சொன்னேன், ஆஃப் ஆச்சா?" என்றார், அதே வாயால் நாங்கள்தான் முழுச் சத்தத்தில் அடித்துக் கெடுத்துவிட்டோம் என்றும் சொன்னார். எங்களிடம் இருப்பது 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு, பேரலலாகச் சேர்த்துப் போட்டால் 4 ஓம், ஆம்பின் பின்னால் குறைந்தது 4 ஓம் என்றுதான் அச்சடித்திருக்கிறது, அதாவது ஆம்ப் தாங்கும் சுமையை நாங்கள் மீறவில்லை. முழுச் சத்தம் என்பதும் சாக்குத்தான். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் அதிகமாகச் சூடாவது உச்ச சத்தத்தில் இல்லை, முழுப் பவரில் 40 சதவீதம் அளவில் ஓடும்போதுதான். கல்யாணத்தில் இரவு முழுக்க நாம் ஓட்டுவது ஏறக்குறைய அந்த அளவில்தான், அதைத் தாங்கத்தானே ஃபேனும் ஹீட் சிங்கும் வைத்திருக்கிறார்கள்?

ரிப்பேரிலிருந்து எடுக்கும்போது கடையிலேயே ஆம்பைப் போட்டு, ஒரு டிஷ்யூ துண்டை முன்னால் பிடியுங்கள், அப்புறம் பின்னால் பிடியுங்கள். இழுக்கும் பக்கம் ஒட்டிக்கொள்ளும், விடும் பக்கம் பறக்கும். ஆம்பின் மெனுவலில் எந்தத் திசை என்று இருக்கும், பின்னால் இழுத்து முன்னால் விடும் ஆம்புகளும் உண்டு, அதனால் ஊகிக்க வேண்டாம். தெர்மல் சுவிட்ச் இணைப்பில் இருக்கிறதா என்று நேருக்கு நேர் கேட்டு, ஆம் என்றால் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காசு கொடுக்காதீர்கள். பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு வாங்குங்கள். மூடியை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும்.

ரேக் விஷயத்தில், வாசிக்கும்போது முன், பின் இரண்டு மூடியையும் கழற்றி வையுங்கள், மழைச்சாரல் அடிக்கிறதே என்று பின்னால் தார்ப்பாய் போர்த்துவதுதான் திருவிழா மேடைகளில் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. பெட்டியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டக் கூடாது. முன்னால் இழுக்கும் ஆம்பாக இருந்தால் ரேக்கின் முன்பக்கத்தில் காலியாக இருக்கும் இடங்களைத் தகடு போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் விட்ட சூடு அந்த ஓட்டை வழியாக மறுபடி முன்னால் வந்துவிடும். ஸ்மோக் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் புகையில் வரும் பிசுபிசுப்பு தூசியோடு சேர்ந்து ஹீட் சிங்கை அடைத்துவிடும்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் சேவைக்கும் இடமுண்டு. வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பில் இல்லாவிட்டால் கஷ்டம். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். முறுக்கிய வயர், தலைகீழ் ஃபேன் இரண்டின் படங்களும் என்னிடம் இருக்கின்றன, ஏப்ரல் சீசனுக்கு முன்னால் உங்கள் ஆம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.