ஓடாத கேசட்டை ஊதாதீர்கள்: சுங்கை சிப்புட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மின்விசிறியும் வானொலிப் பெட்டியும் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையில் பழைய வீடியோ கேம் கேசட்டுகளையும் சரிசெய்து தருகிறார்கள் என்று என் அத்தை மகன் சொன்னபோது எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஊர்க் கடையில் ஒரு கேசட்டைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆயினும், தோட்டத்து லயத்து வீட்டில் அண்ணனும் நானும் விளையாடிய கேசட்டுகள் நான்கு, நாங்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்த நாளிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னில் பழுதாகிக் கிடந்தன. கடந்த மாதம் அவற்றையும் எங்கள் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

மைக்ரோ ஜீனியஸ் என்பது, நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியை ஒத்துத் தைவானிலிருந்து வந்த பெட்டி. அதற்குரிய கேசட்டின் அடிவிளிம்பில் பெட்டியோடு மின்தொடர்பு தரும் தொடுமுனைகள், பக்கத்துக்கு முப்பதாக 60 இருக்கும். அவற்றில் முக்கியமான ஒன்று தொடர்பு விட்டாலும் ஆட்டம் ஓடாது, அல்லது கோளாறாக ஓடும்.

கடைக்காரர் அறுபது வயதை நெருங்கிய ஒரு தமிழர். அவர் முதலில் என் கேசட்டுகளைத் தொடவே இல்லை. நன்றாக ஓடும் தம்முடைய கேசட் ஒன்றை என் பெட்டியில் செருகிப் பார்த்தார்; பிறகு என் கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் தம்முடைய பெட்டிகளில் செருகிப் பார்த்தார். கோளாறு பெட்டியிலா கேசட்டிலா என்பது உறுதியாகாமல் எதையும் திறப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்தக் கடையை நான் பரிந்துரைப்பேன்.

“ஊதுவீங்களா தம்பி?” என்று கேட்டார். “சின்ன வயசுல எல்லாரும் ஊதுனோம் அண்ணே” என்றேன். ஊதியதால் கேசட் ஓடியதில்லை என்றும், கழற்றி மீண்டும் செருகும்போது உலோகத்தோடு உலோகம் உராய்ந்து அழுக்கு விலகியதால்தான் ஓடியது என்றும் அவர் விளக்கினார். மூச்சுக் காற்றின் ஈரம் தொடுமுனைகளில் படிந்து காலப்போக்கில் அவற்றை அரித்துவிடும். நம் நாட்டின் புழுக்கத்தில், மூடிய டின்னுக்குள் பல ஆண்டுகள் கிடந்தவற்றுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

முன்பு நான் கெடுத்துக்கொண்ட கேசட், 1985இல் நாம்கோ வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’. அதைச் செருகினால் திரையில் எதுவுமே வராது. அந்த வேற்றூர்க் கடையில் தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. செம்பின் மேலிருந்த மெல்லிய தங்கப் பூச்சு உப்புத்தாளோடு போய்விட்டதையும், வெளியே தெரிந்த செம்பு பச்சை பிடித்திருப்பதையும் இந்தக் கடைக்காரர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் எனக்குக் காட்டினார். பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பஞ்சில் கறை ஏறாத வரையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். விடாப்பிடியான கறைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, அதன் துகள் தங்காதபடி மீண்டும் ஆல்கஹாலால் துடைத்தார். இப்போது அது ஓடுகிறது. ஆனால் பூச்சு போனது போனதுதான் என்றும், சில மாதங்களுக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும் என்றும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

என்னை வியக்க வைத்தது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேசட்டுக்கு அவர் செய்த வேலை. அதில் இசை சரியாகக் கேட்கும், மாரியோ ஓடுவான், குதிப்பான். ஆனால் படம் முழுவதும் செங்குத்தான கோடுகள் விழுந்திருக்கும். நான் அதை அழுக்கு என்றே நினைத்திருந்தேன். அவரோ திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “புரோகிராம் நல்லா இருக்கு, பட சிப்புலதான் ஒரு வழி அறுந்திருக்கு” என்றார். அந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட்தான். அதில் 32 கிலோபைட் நிரல் ஒரு சிப்பிலும், 8 கிலோபைட் படங்கள் இன்னொரு சிப்பிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனித் தொடுமுனைகள் இருப்பதால், இசையும் ஓட்டமும் கெடாமல் படம் மட்டும் கெட முடிகிறது. படங்கள் யாவும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களால் ஆனவை. ஒரு கட்டத்தின் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள எட்டுப் புள்ளிகள் எட்டு மின்வழிகளில் வருகின்றன. அவற்றில் ஒரு வழி அறுந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே இடத்துப் புள்ளி பிழையாகி, எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு கோடாகத் திரை நெடுகத் தெரியும். கோட்டின் இடத்தை வைத்தே எந்த வழி என்று அவர் கணித்தார்.

பெரும்பாலான ஃபேமிகாம் கேசட்டுகளுக்குத் திருகாணி கிடையாது. இரண்டு ஓடுகளும் உட்புறக் கொக்கிகளால் கவ்விக்கொண்டிருக்கும். தட்டையான பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் செருகித் திறந்தபோது கொக்கி ஒன்று ஒடிந்தது. அதை அவரே எடுத்துக் காட்டி மன்னிப்புக் கேட்டு, அதற்காகக் கூலியில் ஐந்து வெள்ளி குறைத்துக்கொண்டார். பிறகு, மின்தொடர்பு இருந்தால் ஒலி எழுப்பும் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேசட்டின் தொடுமுனையிலும் மறுமுனையைச் சிப்பின் காலிலும் வைத்து, ஒவ்வொன்றாக ஒலி வருகிறதா என்று பார்த்தார். அவர் கணித்த காலில் ஒலி வரவில்லை. ஈயப் பற்று மயிரிழை அளவு வெடித்திருந்தது. புதிதாக ஈயம் பற்றவைத்து மூடிய பின், என் பிள்ளைப் பருவத்து நீல வானத்தை ஒரு கோடும் இல்லாமல் அந்தக் கடையில் நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது, ஃபேமிகாமுக்கு அடுத்து நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் ஃபேமிகாமுக்குரிய ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’. ஆட்டம் ஓடும், சேமித்தது நிற்காது. பெட்டியை அணைத்த பின் நினைவகத்துக்கு மின்சாரம் தரும் சி.ஆர். 2032 என்னும் காசு வடிவப் பேட்டரி 3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைத்தால் அது வெடிக்கக்கூடும் என்பதால், ஈயம் பற்றவைப்பதற்கான உலோகக் காதுகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட பேட்டரியை வரவழைத்து மாற்றினார். உங்கள் கேசட்டில் பழைய சேமிப்பு இன்னும் இருக்குமானால், பேட்டரியைக் கழற்றும்போது அது அழிந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, ஒன்றில் அறுபத்து நான்கு ஆட்டங்கள் கொண்ட போலிக் கேசட். அதன் சிப் கறுப்புப் பிசினுக்குள் புதைந்திருப்பதால் உள்ளே அறுந்ததை யாராலும் திறந்து சரிசெய்ய முடியாது. துடைத்துப் பார்த்துப் பயனில்லாமல் போகவே, அதற்குக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

துடைப்பதற்குப் பத்து வெள்ளி, ஈய வேலைக்கு இருபத்தைந்து, பேட்டரிக்கு இருபது என்று கேட்டார். செய்த வேலைக்கு இது மிகவும் நியாயமான விலை. குறை என்றால் காத்திருப்புதான். பேட்டரி வந்து சேரப் பதினாறு நாள் ஆயிற்று, இடையில் தகவல் எதுவும் வரவில்லை, நானே இரண்டு முறை போய்க் கேட்க வேண்டியிருந்தது. ரசீதும் தருவதில்லை, கொடுத்த பொருள்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. திங்கட்கிழமை கடை திறப்பதில்லை, மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. கேசட்டை மட்டும் கொண்டுபோகாமல் பெட்டியையும் அதன் மின்னிணைப்பையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.