இன்ஜின் லைட் அணைந்துவிட்டதா? சாவியைத் திருப்பிப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக மீட்டரில் இன்ஜின் லைட் எரிகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. எனக்கு மொத்தம் 47,200 ரூபாய் போனது. நான் வண்டியை விட்ட கடை மதுரை பைபாஸ் ரோட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

வண்டி 2017 மாடல், பெட்ரோல், பி.எஸ்.4 (புகைக்கான அரசு விதிகளில் நான்காம் கட்டம்). திருநகரிலிருந்து ரிங் ரோடு வழியாகத் தினமும் மேலூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சித்திரைத் திருவிழா நெருங்கிய வாரத்தில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டி ஓடியது, சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக உதறியது. புகைச் சான்றிதழும் அந்த மாதத்தோடு முடிகிறது. பி.எஸ்.4 வண்டிக்கு வருடம் ஒருமுறை எடுத்தாக வேண்டும். இல்லாமல் மாட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பதற்றத்தில் கடைக்காரரிடம் நான் சொன்ன வார்த்தை இது: "தம்பி, என்ன செய்வீங்களோ தெரியாது, அந்த லைட் எரியக் கூடாது, புகை டெஸ்ட்டும் பாஸ் ஆகணும்."

"ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சுக்கா" என்றார். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும் கருவி அது. 7,200 ரூபாய். வெள்ளைத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பில், கடைப் பெயர்கூட இல்லை. பழைய சென்சாரைக் கேட்டதற்குக் குப்பையில் போய்விட்டது என்று பதில். விளக்கு அணைந்திருந்தது, நானும் வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மாண்டேலா நகர் தாண்டும்போது திரும்ப எரிந்தது. கோளாறை வாசிக்கும் ஸ்கேனரில் ஒரு பட்டனை அமுக்கினால், அல்லது பல வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால்கூட, காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு அழிந்து விளக்கு அணைந்துவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. கோளாறு அப்படியே இருந்தால், பெரும்பாலும் அடுத்தடுத்த ஓட்டங்களில் கம்ப்யூட்டர் மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டு விளக்கைப் போட்டுவிடும். எனக்கு நடந்ததும் அதுதான்.

திரும்பப் போனேன். "மீட்டர்ல ஷார்ட்டுக்கா, சாயந்தரம் வாங்க" என்றார். 1,500 ரூபாய். புகைச் சான்றிதழையும் அவரே வாங்கித் தருகிறேன் என்றார். நம்பர் பிளேட் தெரிய ஒரு போட்டோ, 600 ரூபாய். சைலன்சரில் குழாயை விட்டு அளந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. தாளில் கார்பன் மோனாக்சைடு 0.08 சதவீதம் என்று அழகாக அச்சாகியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் விளக்கு வரவே இல்லை. ஆனால் 16 கொடுத்த மைலேஜ் 12 ஆனது. ஒத்தக்கடை தாண்டினால் வண்டிக்கு அடியிலிருந்து சூடு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம் வேறு. போனில் கேட்டால் "பெட்ரோல் சரியில்லைக்கா, பங்க்கை மாத்துங்க" என்றார். மாற்றினேன். மூன்று பங்க் மாற்றினேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வண்டியைத் தள்ளி நிறுத்த உட்கார்ந்தான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறவன். சாவியைத் திருப்பியவன் ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, இன்ஜின் லைட் வரலையே."

"அதைத்தான் சரி பண்ணிட்டாங்களே."

"இப்ப வரணும் பெரியம்மா. ஸ்டார்ட் பண்ணின பிறகுதான் போகணும்."

சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் ஆயில், பேட்டரி, இன்ஜின் என்று எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து காட்டும். விளக்கு வேலை செய்கிறது என்று வண்டி நமக்குச் சொல்வது அது. என் வண்டியில் மற்றதெல்லாம் எரிந்தது, இன்ஜின் விளக்கு மட்டும் இருட்டு. மீட்டரைக் கழற்றினான். இன்ஜின் விளக்கின் படத்துக்குப் பின்னால் கச்சிதமாக வெட்டிய ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் அவனுடைய சின்ன ஸ்கேனரைச் செருகிப் போனில் காட்டினான். பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், பெட்ரோல் சரியாக எரியவில்லை. கூடவே பி0420, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி: விளக்கு எரியும் நிலையில் ஓடிய தூரம், 3,412 கிலோமீட்டர். டேப்புக்குப் பின்னால் இத்தனை நாளும் அது எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

முதலில் கெட்டது, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் ஒரே ஒரு இக்னிஷன் காயில். பொறி சரியாக விழாததால் அந்தச் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய், கன்வெர்ட்டருக்குள் எரிந்திருக்கிறது. கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அந்தச் சூட்டில் பீங்கான் உருகிப் பாதி அடைத்துக்கொண்டது. புகை வெளியே போக வழியில்லாவிட்டால் வண்டிக்கு ஏது பிக்கப்? ஆக்ஸிஜன் சென்சார், வண்டி வாங்கியபோது வந்த அதே பழையதுதான். துருவைப் பார்த்தாலே தெரிந்தது.

வேறொரு மையத்தில் ஒழுங்காகப் புகை டெஸ்ட் எடுத்தோம். ஹைட்ரோகார்பன், அதாவது புகையில் வரும் எரியாத பெட்ரோல், 1,140 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வந்தது. பி.எஸ்.4 பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 200. கார்பன் மோனாக்சைடின் வரம்பு 0.3 சதவீதம், அதையும் தாண்டியிருந்தது. கையில் செல்லுபடியாகும் சான்றிதழோடு நான் அங்கே நின்றது ஒரு தனி வெட்கம்.

காயில், பிளக் எல்லாம் சேர்த்து 3,900. கன்வெர்ட்டர் 34,000. ஒரு மெக்கானிக் அதை வெட்டி எடுத்துவிட்டுக் காலிக் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார், பழையதை அவரே வைத்துக்கொள்வாராம். பூச்சில் இருக்கும் உலோகத்துக்காக ஸ்கிராப் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. யாராவது இப்படி இரக்கம் காட்டினால் ஜாக்கிரதை. கன்வெர்ட்டர் இல்லாமல் புகை அளவு வரம்புக்குள் நிற்பதும் கஷ்டம்.

விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், ஓரம் கட்டுங்கள். கன்வெர்ட்டரைக் கெடுக்கிற அளவு மிஸ்ஸிங் அதுதான். ரிப்பேருக்கு முன்பு கோளாறு எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகத்தின் பழசைக் கேட்டு வாங்குங்கள், குப்பையில் இருந்தாலும் பொறுக்கித் தரச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது சாவியைத் திருப்பி, விளக்கு வந்து போகிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்களும்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "லைட் எரியக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

பில் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நல்லவேளை மூன்று முறையும் பணத்தைப் போனில்தான் அனுப்பியிருந்தேன், அந்த ரசீதுகள் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். டேப் ஒரு கவரில் பத்திரமாக இருக்கிறது.