பக்கவாதம் வந்த கையை யாரிடமும் இழுக்கக் கொடுக்காதீர்கள்

18,500 ரூபாய் போய்விட்டது. அப்பாவின் கையும் போய்விடுமோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம். இடது கை விழுந்துவிட்டது, தோள் வலியில் ராத்திரி தூக்கமே இல்லை. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். மறுநாளே ஒருவர் வந்தார். "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா கண் கலங்கிவிட்டார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். 20 நாளுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார். நின்ற இடத்திலேயே 18,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். என்ன படித்தவர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஜன்னல் கம்பியில் கப்பி கட்டி, கயிற்றால் அந்தக் கையைத் தலைக்கு மேல் இழுத்தார். அப்பா அலறினால், "வலிச்சாதான் நரம்பு திறக்கும்ப்பா" என்பார். ஐந்தாம் நாள் புறங்கை வீங்கி, தோல் மினுமினுத்தது, தொட்டால் சூடு. போர்வை பட்டாலே துடித்தார். சோப்புப் போட்டும் மோதிரம் வரவில்லை. நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தோம்.

போன் செய்தால், "ரத்த ஓட்டம் வருது சார், நல்லதுதான்." அடுத்த நாள், "மேனேஜர் லீவு." அப்புறம், "பேக்கேஜுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம்." இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். ஐந்து நாள் கொடுமைக்கு 18,500 ரூபாய்!

அரசு மருத்துவமனை டாக்டர் தோளில் விரலை வைத்துக் காட்டினார். தசை தளர்ந்ததால் எலும்பு குழியிலிருந்து இறங்கி, ஒரு விரல் நுழையும் பள்ளம். "இந்தக் கையையா கயிறு கட்டி இழுத்தீங்க?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிசியோதெரபி அங்கேயே இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் செய்கிறார்களாம். யாரும் சொல்லவில்லையே!

விரிவாக எழுத நினைத்தேன், மனம் கொதிக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையைப் பிடித்து ஆளைத் தூக்காதீர்கள். தொங்கவிடாமல் தலையணை வையுங்கள். சட்டை போடும்போது அந்தக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். வீங்கினால் அன்றைக்கே டாக்டர். சான்றிதழ் பார்க்காமல் தொட விடாதீர்கள், மொத்தப் பணத்தை முன்னால் கட்டவே கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் சொல்லியிருக்கிறேன். 18,500 ரூபாயை விடப்போவதில்லை.