மதுரையா, அடையாறா என்பதற்கு அப்பால்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே பேச்சு தொடங்கிவிடும்: மதுரையா, சென்னையா? எந்த டாக்டர் என்று விசாரிக்கப் பலர் வருவார்கள். உடன் யார் போவது, எங்கே தங்குவது, அழுகை வந்தால் யாரிடம் அழுவது என்று கேட்பவர் குறைவு. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது நான் பட்டுத் தெரிந்துகொண்டது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவானது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான் அதற்கு வித்து. நோயாளியின் மனநலத்தைக் கவனிக்கத் தனிப் பிரிவே அங்கு உண்டு. ஆனால் நமக்கு நானூறு கிலோமீட்டர் தூரம். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள்; குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்க வேண்டும். ரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கான சான்றிதழை டாக்டரிடம் முதல் முறையே வாங்கிவிடுங்கள்.

மதுரைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்தான். பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய் மையம் இருக்கிறது. இரவு சொந்தப் பாயில் படுக்கலாம். மருந்து ஏற்றிய நாளில் மட்டும் பஸ் ஆகாது. வழியெல்லாம் குமட்டும், காருக்குப் பணம் எடுத்து வையுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் தாங்கும். துணைக்கு வந்தவர் இழந்த கூலியைத் தாங்காது. ஒரே சிகிச்சை இரண்டு ஊரிலும் கிடைக்கும் என்று டாக்டர் சொன்னால், நான் மதுரையைத்தான் சொல்வேன்.

வீடு திரும்பிய பிறகு யார் துணை? சொந்தபந்தம் என்போம். எங்கள் வளவில் அந்தத் துணைக்குக் குறைவே இல்லை. கஞ்சி வந்தது, பணம் வந்தது. கூடவே 'எந்தப் பாவமோ' என்ற பேச்சும் வந்தது. உதிர்ந்த முடியை அம்மா தினத்தாளில் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். முகப்பில் ஆள் பேசும் சத்தம் கேட்டால் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொள்வார். சொந்தக்காரர் கையால் சோறு வாங்கிக்கொள்ளலாம். பயத்தை அவர்களிடம் சொல்ல முடிவதில்லை.

அதற்கு வெளியாள் வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அம்மா அதில் பேசவே மாட்டேன் என்றுவிட்டார். நான் பேசினேன், நள்ளிரவில், இரண்டாங்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து. பார்த்துக்கொள்பவருக்கு அது உதவும்; படுத்திருப்பவருக்கு நேரில் வரும் முகம்தான் உதவும்.

அந்த முகம் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வந்தது. 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வலி தணிக்கும் பராமரிப்பையும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். வந்த நர்ஸ் முதலில் அம்மாவின் வீங்கிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று எனக்குச் செய்து காட்டினார். வலி எப்போது ஏறுகிறது என்று நாள்காட்டித் தாளில் குறித்து வைக்கச் சொன்னார். இத்தனை வழிகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். நாங்கள் கொடுக்கும்போது எட்டு மாதம் கடந்திருந்தது.