ரெண்டு பூனை இருக்குற வீட்டுல பால் பைத்தானுக்கு பாண்டியில செஞ்சு வாங்குன பெட்டி, தாங்குதா?

பால் பைத்தான்னா (ball python) பந்து மாதிரி சுருண்டுக்குற வெளிநாட்டு மலைப்பாம்பு, குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. முதல்லயே சொல்லிடுறேன், இந்தப் பெட்டி கடையில ரெடிமேடா கிடைக்கிற சாமான் இல்ல, வில்லியனூர் போற ரோட்டுல மாடுலர் கிச்சன், ஆபீஸ் பார்ட்டிஷன் வேலை எல்லாம் பண்ற ஒரு பட்டறையில அளவு குடுத்து செஞ்சு வாங்குனது. பட்டறை பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அதுவும் இல்லாம இந்த வேலையை பாண்டியிலயும் கடலூர்லயும் எந்த கிச்சன் கப்போர்டு பட்டறையும் செஞ்சு குடுக்கும், என்ன கேக்கணும்னு நமக்கு தெரிஞ்சிருந்தா போதும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், வளந்த பால் பைத்தானுக்கு இதுக்கு கம்மியா போகாதீங்க. 18 எம்எம் மல்டிவுட், அதாவது தண்ணி குடிக்காத பிவிசி போர்டு, முன்னாடி 5 எம்எம் டஃபன்ட் கிளாஸ் ரெண்டு ஸ்லைடிங், எனக்கு மொத்தம் 15,500 ரூபாய் ஆச்சு. மார்க் போடணும்னா 5க்கு மூணரை.

ஏன் கண்ணாடி டேங்க் வாங்கலன்னு கேப்பீங்க. நெட்ல பாம்பு வளக்குறவங்க வீடியோ பாத்தா பாதிப் பேர் அதைத் தான் காட்டுவாங்க, பாக்க நல்லா தான் இருக்கு, ஆனா மேல் மூடி வலை. உள்ள எரியுற சூடு வலை வழியா மேல வரும், பூனைக்கு எங்க கதகதப்பு இருக்கோ அங்க தான் படுக்கை, மார்கழி மாசத்துல செட்டாப் பாக்ஸ் மேல ஏறிப் படுக்குற ஜென்மம் அது. 4 கிலோ பூனை தினமும் வலை நடுவுல சுருண்டு படுத்தா வலை தொய்யும், தொய்ஞ்சா ஓரத்துல கிளிப் எழும்பும், அந்த சந்தை பாம்பு ராத்திரி பூரா மூக்கால தடவித் தடவி கண்டுபிடிச்சிடும், பால் பைத்தான் பாக்க சோம்பேறி மாதிரி இருந்தாலும் இந்த விஷயத்துல பலே கில்லாடி. எல்லாரும் கதவு பூட்டைப் பத்தியே பேசுறாங்க, பூனை இருக்குற வீட்டுல பிரச்சனை கூரையில தான் ஆரம்பிக்குது. அதனால நான் மேல ஓட்டையே வேணாம்னு சொல்லிட்டேன், முன்பக்க கிளாஸைத் தவிர சுத்தியும் மேலயும் முழு போர்டு, காத்துக்கு பக்கவாட்டுல மட்டும் வழி. இப்ப எங்க வீட்டு பெரிய பூனை தாராளமா மேல ஏறிப் படுக்குது, போர்டு ஒரு நூல் கூட வளையல. இந்தப் பெட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான்.

ப்ளைவுட்ல செஞ்சா காசு குறையும்னு பட்டறைக்காரர் சொன்னாரு, வேணாம்னுட்டேன். பால் பைத்தானுக்கு உள்ள ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம் இருக்கணும், நம்ம பாண்டி காத்துக்கு அது தன்னாலயே கிடைக்கும், ஆனா தண்ணி கிண்ணத்தை பாம்பு வாரம் ஒரு தடவை கவுத்துடும், ப்ளைவுட் அதைக் குடிச்சு உப்பிடும், உப்புனா ஸ்லைடிங் ட்ராக் கோணிக்கும், ட்ராக் கோணுனா பூட்டு பொருந்தாது. ஆகமொத்தம் போர்டு தேர்வும் பாதுகாப்புல சேந்தது தான்.

ஆர்டர் குடுக்கப் போனப்ப நடந்த கூத்தை சொல்லணும். அளவெல்லாம் எழுதிக்கிட்டவரு "மீன் தொட்டிக்கு எதுக்குமா காத்து ஓட்டை"ன்னு கேட்டாரு. பாம்புக்குண்ணா, அப்படின்னேன். பேனாவை வச்சிட்டு ஒரு நிமிஷம் என்னையே பாத்தாரு, "கோயில்ல வைக்கவா, வீட்டுலயா?" வீட்டுலன்னதும் உள்ள வேலை செஞ்சுக்கிட்டு இருந்த பசங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. பூனையும் இருக்குண்ணா, அதுக்கு தான் ஸ்ட்ராங்கா கேக்குறேன்னு சொன்னா, "அட பூனை இருக்குற வீட்டுல பாம்பே நிக்காதும்மா"ங்குறாரு. இதை நம்ம பக்கம் எல்லாரும் சொல்வாங்க, உண்மையில நேர் எதிர், பூனை தோட்டத்துல கிடக்குற பாம்பை வாயில கவ்விக்கிட்டு ஹாலுக்கே கொண்டு வரும். இங்க ஒண்ணு, வீட்டுல பாம்பு வளக்குறவங்க தரையில ஒரு பாம்பைப் பாத்தா நம்ம பிள்ளை தான் வெளிய வந்துடுச்சுன்னு இருட்டுல கையை நீட்டாதீங்க, முதல்ல லைட்டைப் போட்டு பெட்டியைப் பாருங்க, கட்டுவிரியனும் ராத்திரியில தான் வீட்டுக்குள்ள வரும்.

சரி பூட்டுக்கு வரேன். மொபைல் கடை கண்ணாடி ஷோகேஸ்ல பல் பல்லா ஒரு பட்டி இருக்குமே, அந்த ஷோகேஸ் பூட்டு தான் போட்டிருக்கு. பூனை காலால கிளாஸைத் தள்ளித் தொறக்குறதுக்கு இது போதும், என் சின்னப் பூனை கப்போர்டு கதவு, கொசுவலை ஜன்னல் எல்லாம் தொறக்குறவ, இதுகிட்ட தோத்துட்டா. ஆனா ரெண்டு ஸ்லைடிங் கிளாஸ் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல ஒரு சந்து இருக்கும் பாருங்க, அதை யாரும் யோசிக்கிறதே இல்ல. வளந்த பைத்தான் அதுல நுழையாது, குட்டியா இருந்தா நுழையும், கார்ன் ஸ்நேக் குட்டின்னா சொல்லவே வேணாம், பென்சில் தடிமன் தான். பூனைக்கோ அந்த சந்துல நகத்தை விட்டு நோண்டுறது தான் பொழுதுபோக்கு. பட்டறைக்காரர் அலுமினியம் ஜன்னலுக்கு வைக்கிற ஊல் பைலை, அதான் பிரஷ் மாதிரி இருக்குற பட்டை, அதை சந்துல ஒட்டிக் குடுத்தாரு. ஒரு வாரம் கூட தாங்கல, சின்னவ நகத்தால இழுத்து இழுத்து நூலா உருவி சோபா அடியில சேத்து வச்சிருந்தா. அரை மார்க் அங்க போச்சு. அதுக்கு பதிலா கிளாஸ் ஓரத்துல அக்ரிலிக் பட்டையை நிரந்தரமா ஒட்டச் சொல்லுங்க, நான் இப்ப அதைத் தான் கேட்டிருக்கேன்.

இன்னொரு அரை மார்க் காத்து ஓட்டைக்கு. நான் சொன்னது ஸ்க்ரூ போட்ட அலுமினியம் லூவர், அதான் சாய்வுப் பட்டை வச்ச காத்து ஜன்னல், பின்னாடி ஸ்டீல் வலை. வந்தது அமுக்கி மாட்டுற உருண்டை பிளாஸ்டிக் வென்ட். ஷூ ரேக்குக்கு அது சரி, பூனை ஒரு தட்டு தட்டுனா கழண்டு விழும், விழுந்தா பூனை கை உள்ள போகும், இல்ல பாம்பு தலை வெளிய வரும், ரெண்டுல எது நடந்தாலும் நம்ம பாடு தான் திண்டாட்டம். மாத்திக் குடுத்தாங்க, மறுக்கல, ஆனா போன்ல நாலு தடவை நச்சரிக்க வேண்டியிருந்துச்சு. மிச்ச அரை மார்க் சிலிக்கான் காயாமலே டெலிவரி பண்ணதுக்கு, பெட்டியைத் தொறந்தா வினிகர் வாடை மூக்கைத் துளைக்குது. அந்த வாடை சுத்தமா போற வரைக்கும் பாம்பை உள்ள விடாதீங்க, கதவைத் தொறந்து போட்டு ஃபேன் காத்துல காய விடுங்க, அவசரப்பட ஒண்ணும் இல்ல.

கேக்காமலே அவங்க செஞ்சு குடுத்த நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு, கிளாஸோட கீழ்ப்பாதிக்கு ஆபீஸ் கேபின்ல ஒட்டுற ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர். அழகுக்குன்னு ஒட்டுனாங்க, ஆனா பூனை வீட்டுக்கு இது பெரிய உதவி. பூனை கிளாஸுக்கு முன்னாடி உக்காந்து மணிக்கணக்கா முறைச்சா பாம்பு மறைவிடத்தை விட்டு வெளியவே வராது, பால் பைத்தான் ஏற்கனவே சின்ன விஷயத்துக்கெல்லாம் மாசக்கணக்குல உண்ணாவிரதம் இருக்குற ரகம். ஸ்டிக்கர் இருக்குறதால தரையில ஊர்றது பூனை கண்ணுல படுறது இல்ல, அசைவு தெரியலன்னா அதுக்கும் ஆர்வம் போயிடுது. இன்னொண்ணு, ஸ்டாண்டோட சேத்து எல் கிளாம்ப் போட்டு சுவத்துல இறுக்கிட்டாங்க, பூனை எங்கிருந்து பாஞ்சாலும் ஆட்டம் இல்ல.

ஹீட்டிங் பத்தி, உள்ள கம்பிக்கூண்டு போட்ட செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட் இல்லாம எதையும் மாட்டாதீங்க. சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ச்சியான பக்கம் 26 பக்கம். நம்மூர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் ஹீட்டர் தூங்கும், அக்னி நட்சத்திரத்துல சூட்டைக் குறைக்குறது தான் வேலையே, வெயில் விழுற சுவத்துப் பக்கம் பெட்டியை வைக்காதீங்க. வயரை எல்லாம் பிவிசி கேசிங்ல அடைச்சு சுவத்தோட போட்டாங்க, பூனை கடிக்க ஒரு இன்ச் கூட வெளிய இல்ல. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்துல கரை ஏறுனப்ப ஒரே நாள்ல 46 செ.மீ மழை, கரண்ட் போயி கிடந்துச்சு, அப்ப கூட உள்ள சூடு மெதுவா தான் இறங்குச்சு, தடிமனான போர்டோட புண்ணியம். கண்ணாடி டேங்கா இருந்தா சீக்கிரம் ஆறியிருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் பெட்டி பாதி வேலை தான் செய்யும். மீதி ரூம் கதவு. பெட்டி இருக்குற ரூமுக்கு பூனை நான் இருக்கும்போது மட்டும் தான் வரும், நான் வெளிய போனா கதவு சாத்தி தாழ்ப்பாள். பாம்பைக் கையில எடுக்குற நேரம் பூனை வெளிய, அதுல பேச்சுக்கே இடமில்ல. "எங்க வீட்டுல ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ்"னு பாம்பும் பூனையும் ஒரே மெத்தையில படுத்திருக்குற வீடியோ போடுறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் தான் வருது. என் பூனை 4 கிலோ, பாம்பு ஒண்ணரை கிலோ கூட இல்ல, அதுல யாரு வேட்டைக்காரன்னு நினைக்கிறீங்க? பூனை வாயிலயும் நகத்துலயும் இருக்குற கிருமி பாம்பு தோலுக்குள்ள போனா சின்னக் கீறல் கூட சீழ் வச்சிடும், கீறல் பட்டா மஞ்சள் தடவிட்டு விடாம டாக்டர்கிட்ட போங்க, குரும்பாபேட்டையில கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, போறதுக்கு முன்னாடி பாம்பு பாக்குறவங்க அன்னைக்கு இருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க. பர்மீஸ் மாதிரி பெரிய பைத்தான்னா கதையே வேற, அதுக்கு பூனை ஒரு வேளை சாப்பாடு. பால் பைத்தான் கூட கண்ணு தொறக்காத பூனைக்குட்டியை சும்மா விடும்னு நான் சொல்ல மாட்டேன்.

பூனையைக் கொஞ்சிட்டு அப்படியே பெட்டிக்குள்ள கையை விடாதீங்க, ரோமம் உள்ள மிருகத்தோட வாசம் பாம்புக்கு சாப்பாட்டு மணி, கடி உங்களுக்கு தான். சோப்பு போட்டு கழுவிட்டு தொடுங்க, பாம்பைத் தொட்ட பிறகும் கழுவுங்க, அதோட குடல்ல சால்மோனெல்லா இருக்கும், தண்ணி கிண்ணத்தை சமையல்கட்டு சிங்க்ல அலசுற பழக்கம் வேணவே வேணாம், அந்தத் தண்ணியை பூனை நக்கவும் விடாதீங்க. பாம்புக்கு சாப்பாடா குடுக்க உறைய வச்ச எலியை உருக வைக்கிற நாள் எங்க வீட்டுல பூனைங்க ரெண்டும் கதவுக்கு வெளிய நின்னு ஒப்பாரி வைக்கும், அதுக்காக மனசு இளகக் கூடாது.

இதை எல்லாத்தையும் விட முக்கியம், பாம்புக்கு செள்ளு, அதான் ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி, புடிச்சா அடிக்கிற ஸ்ப்ரே சிலதுல பெர்மெத்ரின்ங்குற பூச்சி மருந்து இருக்கும். நாய்க்கு உண்ணிக்கு முதுகுல விடுற மருந்து பலதுலயும் அது தான். பூனையோட ஈரலால அதை உடைச்சு வெளிய தள்ள முடியாது, நடுக்கம், வலிப்புன்னு வந்து உசுரே போயிடும். பெட்டிக்கு அடிச்சிட்டு பூனை அது மேல படுத்து உடம்பை நக்கினாலே போதும். பாட்டில் பின்னாடி எழுதியிருக்குறதைப் படிக்காம எதையும் வாங்காதீங்க.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிடுறேன், இல்லன்னா கேள்வி வரும். சாரை, நல்ல பாம்பு, நம்மூர் மலைப்பாம்பு எதையும் வளக்க முடியாது, 1972 வனவிலங்கு சட்டம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனா சைட்டிஸ் (CITES), அதாவது காட்டு உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம், அதோட பட்டியல்ல இருக்கு, 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணி ஆகணும். பேப்பர் இல்லாம "சும்மா எடுத்துட்டு போங்க"ன்னு எவனாவது விக்க வந்தா திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

கடலூர்க்காரங்க பாண்டியில ஆர்டர் குடுத்தா குட்டியானை வாடகை தனியா கேப்பாங்க, முன்னாடியே பேசி பில்லுலயே எழுத வச்சிடுங்க. கிளாஸைக் கழட்டி தனியா போர்வையில சுத்தி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, வீட்டுல மாட்டுன பிறகு பூட்டைப் போட்டு அவங்க முன்னாடியே கிளாஸை ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, அதுக்கப்புறம் மிச்சக் காசைக் குடுங்க. ஷோகேஸ் பூட்டுக்கு ரெண்டு சாவி தான் வரும்.

என்னோடதுக்கு அக்ரிலிக் பட்டை அடுத்த வாரம்னு சொல்லியிருக்காரு, எந்த அடுத்த வாரம்னு தான் தெரியல.