மேட் புதிரா, எண்ட்கேம் ஸ்டடியா?

செஸ் புதிர்களில், குறித்த நகர்த்தல்களுக்குள் மேட் வைக்கச் சொல்வது மேட் புதிர்; ஆட்டத்தின் இறுதிக்கட்ட நிலை ஒன்றைக் கொடுத்து வெல்லவோ டிரா செய்யவோ சொல்வது எண்ட்கேம் ஸ்டடி. முதலில் பலகையில் காய்களை வையுங்கள் (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், இடமிருந்து வலம் ஏ முதல் எச், கீழிருந்து மேல் 1 முதல் 8). வெள்ளைக்கு ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்புக்கு ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி, தன் இரண்டாவது நகர்த்தலில் மேட் வைக்க வேண்டும். பால் மார்ஃபியின் பெயரில் வழங்கிவரும் புதிர் இது.

விடை, யானையைக் கொண்டுபோய் ஏ6-இல் வைப்பது. எதிரிச் சிப்பாய் வாயருகே. பி7 சிப்பாய் அதை வெட்டினால் பி6 சிப்பாய் ஓரடி முன்னேறி மேட். வெட்டாமல் விட்டால்? ஏ7 சிப்பாயை யானை மறித்து நிற்கிறது. அந்தச் சிப்பாய் பி6-ஐ வெட்டவும் முடியாது, வெட்டினால் சொந்த ராஜாவுக்கே செக். மிச்சம் பிஷப் மட்டும். அது பி8-ஐ விட்டு எங்கே போனாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். கறுப்புக்கு இந்த முறை ஆடாமல் உட்கார முடிந்தால் தப்பித்துவிடும். ஆடித்தான் ஆக வேண்டும், அதுதான் வினை.

கண்டுபிடித்த மறுநொடியே முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். கறுப்பின் பதில்கள் அத்தனையையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணி முடித்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை, விடைப் பக்கத்தைப் புரட்டவும் வேண்டாம். மேட் புதிர்களுக்கும் ஸ்டடிகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். எது கடினம் என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

இப்போது ஸ்டடி. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும். நான்கே காய்கள், பார்க்கப் பரம சாது. சிப்பாயை சி7-க்குத் தள்ளினால் கறுப்பு யானை டி6-இல் செக் கொடுக்கும். அங்கிருந்து வெள்ளை ராஜா பி5, பி4, பி3 என்று படியிறங்க, யானையும் செக் கொடுத்துக்கொண்டே கூட இறங்கும். கடைசியில் ராஜா சி2-க்கு வந்ததும் செக் தீர்ந்துவிடும். அடுத்து சிப்பாய் கடைசி வரிசையான சி8-ஐ எட்டி ராணியாகும். நான் முதன்முதலில் இதைப் போட்டபோது அங்கேயே “சரி, ஆச்சு” என்று நோட்டை மூடிவிட்டேன்.

ஆகவில்லை. கறுப்பு யானை டி4-க்குப் போய்க் காத்திருக்கும். நீங்கள் ராணி எடுத்தால் அது சி4-இல் வந்து செக் கொடுக்கும். வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே கறுப்புக்கு ஆட நகர்த்தல் இல்லாமல் போய் டிரா; வெட்டாவிட்டால் ராணி போயிற்று. ஆகவே சி8-இல் எடுக்க வேண்டியது ராணி அல்ல, யானை. அடுத்து ஏ8-இல் மேட் மிரட்டல். கறுப்பு யானை ஏ4-க்கு ஓடிவந்து தடுக்கும். வெள்ளை ராஜா பி3-க்கு வந்தால் ஒரே நேரத்தில் யானைக்கும் குறி, சி1-இல் மேட்டுக்கும் குறி.

நோட்டை மூடியதற்காக நான் ரொம்ப வெட்கப்படவில்லை. 1895-இல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றின் செஸ் பத்தியில், அதை எழுதிவந்த பார்பியர் இதை ‘டிரா’ என்றே அச்சிட்டார். சி8-இல் யானை எடுத்தால் வெற்றி என்று காட்டியவர் அந்த ஊரில் இருந்த சாவெத்ரா என்ற பாதிரியார். நிலையை வெளியிட்டவருக்கே எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகலாம், ஸ்டடியின் குணம் அப்படி.

உலக செஸ் புதிர் தீர்க்கும் போட்டியின் நேர ஒதுக்கீட்டிலும் இந்தக் குணம் தெரிகிறது. இரு நகர்த்தல் சுற்றில் மூன்று புதிர்களுக்கு 20 நிமிடம். சரியான முதல் நகர்த்தலை எழுதினாலே போதும். ஸ்டடி சுற்றில் மூன்றுக்கு 100 நிமிடம், அங்கே வரிசையை எழுதிக் காட்ட வேண்டும். பாதியில் நின்றவருக்கு முழு மதிப்பெண் கிடையாது.

நேருக்கு நேர் ஆடுகிறவர்களுக்கு ஸ்டடி நெருக்கமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. நிஜ ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள், ‘வெல்’ அல்லது ‘டிரா செய்’ என்ற நிஜமான இலக்கு. மேட் புதிரைப் பார்த்தால் இவர்கள் முகம் சுளிப்பார்கள்: இத்தனை காய் கூடுதலாக வைத்துக்கொண்டு இரண்டில் மேட் வைத்தால் என்ன, இருபதில் வைத்தால் என்ன? நியாயமான கேள்விதான். அங்கே வெற்றி ஏற்கனவே கையில் இருக்கிறது, கேட்பது வேறு. செக் கொடுப்பது, காயை வெட்டுவது என்று கை தானாகப் போகும் இடங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காத நகர்த்தலைத் தேடச் சொல்கிறது. ஆடிப் பழகிய கைக்கு இது எரிச்சல். எனக்கு இன்னமும் எரிச்சல்தான், ஆனால் விடமுடியவில்லை. இரண்டும் ஒரே தலையில் குடியிருக்க முடியும் என்பதற்கு ஜான் நன் இருக்கிறார். கிராண்ட்மாஸ்டர், புதிர் தீர்ப்பதில் 2004, 2007, 2010 என மூன்று முறை உலக சாம்பியன்.

கறுப்பும் சேர்ந்து உதவி மேட் வாங்கிக்கொள்ளும் ஹெல்ப்மேட், எதிரியைக் கட்டாயப்படுத்தித் தன் ராஜாவுக்கே மேட் வாங்கும் செல்ஃப்மேட் என்று வேறு கிளைகளும் உண்டு. ருசி கண்டவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். நான் எட்டிப் பார்த்ததோடு சரி.

செஸ் ஆடும் கணினி நிரலான எஞ்சினை வைத்துச் சரிபார்த்தால் என்ன? மேட் புதிருக்குப் பிரமாதம், இமைப்பதற்குள் முதல் நகர்த்தலைச் சொல்லிவிடும். ஸ்டடிக்கும் சொல்லும். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் வரையிலான நிலைகளுக்கு முடிவு என்னவென்று டேபிள்பேஸ் என்ற கணினித் தரவுத்தளம் ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது; பழைய ஸ்டடிகள் பல அதில் அடிபட்டும் போயின. ஆனால் ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரர் 1921-இல் வெளியிட்ட ஸ்டடியை அதில் போட்டால் ‘டிரா’ என்றுதான் வரும், ஏன் என்று வராது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். வெள்ளை ராஜா கறுப்புச் சிப்பாயைத் துரத்தவும் எட்டாது, தன் சிப்பாய்க்குத் துணை போகவும் எட்டாது. குறுக்குக் கோட்டில் ஜி7, எஃப்6, இ5 என்று நடந்தால் ஒவ்வோர் அடியிலும் இரண்டு வேலையும் நெருங்குகிறது. கறுப்பு ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று கைகூடும். இது உறைக்க வேண்டுமென்றால் திரையை மூடிவிட்டுக் கட்டைவிரலால் ராஜாவை நகர்த்திப் பார்க்கத்தான் வேண்டும்.

அரைமணி நேரம்தான் இருக்கிறது, முடித்த திருப்தியும் வேண்டும் என்றால் இரு நகர்த்தல் புதிர் நான்கைந்து எடுங்கள். ஆட்டம் தேற வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு ஸ்டடி, அதற்கு மேல் வேண்டாம். விடையை எழுதியபின் உடனே சரிபார்க்காமல் ஓர் இரவு அப்படியே விடுங்கள். எனக்குக் கறுப்பின் அந்த டி4 நகர்த்தல் கண்ணில் பட்டது மறுநாள் காலையில், பல் துலக்கும்போது.