நீலத்திரை எப்போது விழுகிறது என்று பாருங்கள்: யூஎஸ்பி வைஃபை டாங்கிள், நாள்பட்ட பயன்பாட்டில்

நகக்கண் அளவுள்ள ஒரு வைஃபை டாங்கிள், யூஎஸ்பியில் செருகும் அந்தச் சிறு வைஃபை கருவி, முழுக் கம்ப்யூட்டரையும் சாய்த்துவிடும் என்றால் பலர் நம்புவதில்லை. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பார்கள், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றுவார்கள், விண்டோஸைப் புதிதாகப் போடுவார்கள். போட்டு முடித்ததும் அதே டாங்கிளைச் செருகி, அதை இயக்கும் மென்பொருளான அதே டிரைவரை ஏற்றுவார்கள். மறுநாள் மறுபடி நீலத்திரை, அதாவது விண்டோஸ் நின்றுபோகும்போது காட்டும் பிழைத் திரை.

ப்ரௌசர் செயலிழந்தால் ப்ரௌசர் மட்டும்தான் மூடும். வைஃபை டிரைவரோ விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுகிறது. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் அது ஒருமுறை கைவைத்தாலும், அதற்குமேல் ஓடுவது ஆபத்து என்று விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி டாங்கிள் அல்ல, அதன் டிரைவர். வன்பொருள் கெட்டிருந்தால் பொதுவாக நெட் அறுந்துபோகும், அல்லது டாங்கிள் கண்ணில் படாமல் போகும். நீலத்திரை வருவது அபூர்வம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு எளிய சோதனை. டாங்கிளை எடுத்துவிட்டு, மொபைலை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் வேலை செய்யுங்கள். அதே வேலை, அதே நெட் பயன்பாடு. வைஃபை டிரைவர் மட்டும் ஆட்டத்தில் இல்லை. அப்போதும் நீலத்திரை வந்தால் டாங்கிளை விட்டுவிட்டு ராமைச் சோதிக்கலாம். வராவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தடயம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவல், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி. அங்கே ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் திரை கண்மூடித் திறப்பதற்குள் மறையாது, ஸ்டாப் கோடை, அதாவது பிழையின் வகையைச் சொல்லும் எண்ணை, நிதானமாகப் படிக்கலாம். விழும் நேரத்தில் நினைவகத்தில் இருந்ததை விண்டோஸ் எழுதிவைக்கும் கோப்புதான் டம்ப்; அதன் வகையை ‘ஸ்மால் மெமரி டம்ப்’ என்று வையுங்கள். சி டிரைவில் பேஜ் ஃபைலை (ராமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் கோப்பு) அணைத்திருந்தால் டம்ப் எழுதப்படாமல் போகலாம். எஸ்எஸ்டி தேயும் என்று அதை அணைத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

திரையைப் பார்க்கத் தவறினாலும் ஈவென்ட் வியூவர் இருக்கிறது. சிஸ்டம் பதிவில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைத் திறந்து, டீடெய்ல்ஸ் தாவலில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அங்கே எண் வழக்கமான பதின்ம முறையில் இருக்கும், நீலத்திரையில் வருவதோ 0எக்ஸ் என்று தொடங்கும் பதினாறடி முறை: 159 என்றால் 0எக்ஸ்9எஃப், 209 என்றால் 0எக்ஸ்டி1, 307 என்றால் 0எக்ஸ்133. இந்த மூன்றும்தான் வைஃபை டாங்கிள் வழக்குகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுபவை. எண் வெறும் 0 என்றால் நீலத்திரையே பதிவாகவில்லை; கரண்ட் போயிருக்கிறது, அல்லது கம்ப்யூட்டர் உறைந்துபோய் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார்கள். அப்போது டிரைவரைவிட எஸ்எம்பிஎஸ்ஸையும் போர்ட்டையும் முதலில் சந்தேகிப்பது நல்லது.

விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற உட்கோப்புறையில் டம்ப் கோப்புகள் இருக்கும். ப்ளூஸ்க்ரீன்வியூ போன்ற சிறிய கருவியில் திறந்தால் எந்த டிரைவர் என்று பெயர் காட்டும். ரியல்டெக் டாங்கிள் என்றால் ஆர்டிடபிள்யூலான்யூ, ராலிங்க் என்றால் நெட்ஆர்28யூஎக்ஸ் என்பதுபோல் கோப்புப் பெயர் வரும். சில சமயம் என்டிஐஎஸ், டிசிபிஐபி, என்டிஓஎஸ்கர்னல் என்று மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்பே குற்றவாளிபோல் நிற்கும். அதை நம்பி விண்டோஸைப் பழிக்க வேண்டாம். வைஃபை டிரைவர் தள்ளிவிட்ட கெட்ட பாக்கெட்டைக் கையில் வாங்கிய இடம் அது. மைக்ரோசாஃப்டின் விண்டிபக் கருவியில் திறந்து ஸ்டேக்கை (எது எதை அழைத்தது என்ற வரிசை) பார்த்தால் இரண்டு மூன்று வரி கீழே உண்மையான பெயர் இருக்கும். நான்கைந்து டம்ப்பில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு டிரைவர் பெயர் வந்தால் ராம் மேல் சந்தேகம் திரும்ப வேண்டும். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வந்தால் டிரைவர்தான்.

இனி முக்கியமான கேள்வி: எந்த வேளையில் விழுகிறது? ஸ்டாப் கோடைவிட இது அதிகம் சொல்லும்.

ஸ்லீப்பில் போட்டு எழுப்பும்போதோ, ஷட் டவுன் செய்யும்போதோ விழுந்தால், கோடு 0எக்ஸ்9எஃப் ஆக இருந்தால், அது மின்சேமிப்புப் பிரச்சினை. ‘தூங்கு’, ‘எழு’ என்று விண்டோஸ் அனுப்பும் கட்டளைக்கு டிரைவர் பதில் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்குப் போய், மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். அதோடு நின்றுவிடாமல், அது செருகியிருக்கும் யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் அதே டிக்கை எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் செய்யுங்கள். லேப்டாப்பில் பேட்டரிக்குத் தனியாகவும் சார்ஜருக்குத் தனியாகவும் இரண்டு வரி இருக்கும், இரண்டையும்.

ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் தகராறு, ரீஸ்டார்ட் செய்தால் சுகம் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல் கைவையுங்கள். ஷட் டவுன் என்று நாம் அழுத்தினாலும் விண்டோஸ் கெர்னலை டிஸ்கில் உறங்கவைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. டிரைவர் புதிதாகத் தொடங்குவதே இல்லை, நேற்றைய குழப்பத்தோடு எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே முழுசாகத் துடைத்துத் தொடங்கும். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பதால் இழப்பு சில விநாடிதான்.

பெரிய டவுன்லோடு, வீடியோ கால் நடுவே விழுந்தால் கோடு பெரும்பாலும் 0எக்ஸ்டி1 அல்லது 0எக்ஸ்133. முதலாவது, தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத முகவரியைத் தொட்டது. இரண்டாவது, தனக்கு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிச் சிபியூவை விடாமல் பிடித்துக்கொண்டது. நீலத்திரைக்கு முன் மவுஸ் திக்கித் திக்கி நகரும், பாட்டு ஒரே சத்தத்தில் இழுக்கும். இதற்கு மின்சேமிப்பு அமைப்பு எதுவும் உதவாது, டிரைவரை மாற்றித்தான் ஆக வேண்டும். டாங்கிளை ஓடும்போது பிடுங்கினால் விழுகிறது என்றாலும் இதே கதை: அனுப்பிய வேலை திரும்பி வரும் முன்பே சாதனம் மறைந்துவிட்டது, டிரைவருக்கு அதைச் சமாளிக்கத் தெரியவில்லை.

டிரைவரை மாற்றுவது என்றால் புதியதை மேலே ஏற்றுவது அல்ல. முதலில் சிப் எது என்று கண்டுபிடியுங்கள். பெட்டியின் மேல் உள்ள பெயர் உதவாது, ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வருவதுண்டு. டிவைஸ் மேனேஜரில் டீடெய்ல்ஸ் தாவலில் ஹார்டுவேர் ஐடீஸ் என்று தேர்ந்தெடுத்தால் விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) என்று இரண்டு எண் தெரியும். 0பிடிஏ, 8179 என்றால் ரியல்டெக் 8188ஈயூ. 148எஃப், 5370 என்றால் ராலிங்க் ஆர்டி5370. 0சிஎஃப்3, 9271 என்றால் ஏதெராஸ் ஏஆர்9271. பிஐடி 1ஏ2பி என்று காட்டினால் டாங்கிள் இன்னும் வைஃபையாக மாறவே இல்லை, டிரைவர் வைத்திருக்கும் சிடி டிரைவாக நடிக்கிறது. அந்தச் சிடியை வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தால் பெரும்பாலும் வைஃபையாக வந்து நிற்கும்.

இப்போது பழையதைத் துடைப்பது. டாங்கிள் செருகியபடியே அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். வரும் சிறு பெட்டியில் டிரைவரையும் நீக்கும் டிக்கைப் போட மறக்கக்கூடாது. அது இல்லாமல் நீக்கினால் கோப்புகள் விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்துவைக்கும் டிரைவர் ஸ்டோரில் அப்படியே கிடக்கும். பிறகு ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’. உடனே டாங்கிள் வேறொரு பழைய டிரைவரோடு உயிர்த்து வரும். டிரைவர் தாவலில் தேதியும் பதிப்பு எண்ணும் மாறியிருப்பதைப் பார்க்கலாம். மீண்டும் நீக்குங்கள். மூன்று நான்கு அடுக்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. கடைசியில் டிரைவர் ப்ரொவைடர் மைக்ரோசாஃப்ட் என்று நிற்கும், அல்லது மஞ்சள் முக்கோணம் வரும். மைக்ரோசாஃப்ட் என்று நின்றால் அதோடு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் நிலைத்து நிற்பது பல சிப்புகளில் அதுதான்.

டாங்கிளோடு வந்த ‘வைஃபை யூட்டிலிட்டி’யை ஏற்றவே வேண்டாம். விண்டோஸின் டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக் சேவை செய்யும் அதே வேலையை அதுவும் செய்யப் பார்க்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு சமையல்காரர்.

எல்லாம் சரியாகி ஒரு மாதம் கழித்து மீண்டும் விழுந்தால் டிரைவர் தேதியைப் பாருங்கள்; விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் மாற்றியிருக்கும். ரோல் பேக் கொடுத்துவிட்டு, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் ‘நோ’ என்று வையுங்கள். ப்ரொஃபஷனல் பதிப்பில் குரூப் பாலிசி வழியாக அப்டேட்டில் டிரைவர்களே வராமல் நிறுத்தலாம், அது இன்னும் உறுதி.

டிரைவர் மாற்றியும் அடங்கவில்லை என்றால் அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆன்டிவைரஸ், விபிஎன், விர்ச்சுவல் மெஷின், பாக்கெட் பிடிக்கும் கருவி எல்லாம் நெட் போக்குவரத்தை இடையில் பார்க்கும் தங்கள் ஃபில்டரை அங்கே சொருகிவைத்திருக்கும். எப்போதோ நீக்கிய விபிஎன்னின் மிச்சமும் இருக்கும். தெரியாதவற்றின் டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கலாம்.

போர்ட் விஷயம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. கேபினெட் முன்பக்கப் போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து மெல்லிய கம்பி ஓடுகிறது. டாங்கிள் அனுப்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்தால் அது அறுந்து மறுபடி சேரும். பவர் இல்லாத ஹப் இன்னும் மோசம். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளம்பும், இதை இன்டெல் 2012இலேயே எழுதியிருக்கிறது. பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்டுடிஸ்க் காப்பி ஓடும்போது நெட் படுத்தால் காரணம் இதுதான். இரைச்சல் நேராக நீலத்திரை கொண்டுவராது. ஆனால் அறுந்து சேரும் ஒவ்வொரு முறையும் டிரைவரின் பலவீனமான பகுதி வேலைக்கு வருகிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில், பின்பக்கப் போர்ட்டில் போட்டு மேசை மேல் வையுங்கள். சிறு டாங்கிளின் சூடும் அதில் தணியும்.

சிப்புகளைப் பற்றி ஒரு கருத்து. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதும், 150 எம்பிபிஎஸ் போதும் என்றால் ஏஆர்9271, ஆர்டி5370 இரண்டும் கிழவர்கள்தான், ஆனால் குணவான்கள். லினக்ஸிலும் கெர்னலோடு டிரைவர் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ, அதற்கு மேலே எம்டி7921ஏயூ. லினக்ஸில் முன்னதற்கு 4.19 கெர்னலாவது, பின்னதற்கு 5.18 கெர்னலாவது வேண்டும். ரியல்டெக் 8811, 8812 வகைகள் மலிவு, வேகமும் உண்டு. டிரைவர் பதிப்பு பார்த்து நடக்க வேண்டும். லினக்ஸில் வெளியிலிருந்து கம்பைல் செய்த டிரைவரைப் போட்டவர்கள் கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் நெட் இல்லாமல் நிற்பது வழக்கம்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். நான்கை ஒரே மாலையில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பத்து முறை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரிய ஃபைல் ஒன்றை அரை மணி நேரம் இறக்குங்கள், இரவு ஷட் டவுன் செய்து காலையில் ஆன் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு அதே டிரைவர் பெயரோடு டம்ப் விழுந்தால் அந்த டாங்கிளை விட்டுவிடுங்கள். டெஸ்க்டாப் என்றால் அடுத்தது யூஎஸ்பியே வேண்டாம், மதர்போர்டில் நேராகச் செருகும் பிசிஐஇ வைஃபை கார்டு போடுங்கள்.